ஈறு வச்ச பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டாரோட நாலு கம்பியும் கழண்டு அவ மடியில கிடந்துச்சு. கையில அம்மாவோட பொய்ப்பல் ராவுற அரம். போன் வேற விடாம அடிச்சுது. பேச ஆரம்பிச்சா மாட்டுவா, பேசலைன்னா இன்னும் மோசமா மாட்டுவா. எடுத்துப் பேசினா.

"ஏய் பேரம், பேஸ் வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா."

"எப்படி இருக்கு?"

பேரம் மடியைப் பார்த்தா. "சூப்பரா இருக்குக்கா."

"வாசிச்சுப் பார்த்தியா?"

"எனக்கு எங்கக்கா வாசிக்கத் தெரியும்?"

"அதுவும் சரிதான். அஞ்சு மணிக்குப் புதுசா சேர்ந்த பொண்ணைக் கூட்டிட்டு வரேன். பேஸை அவ கையில குடுத்துட்டு நேரா பிராக்டீஸ். ரெடியா வச்சிரு."

மணி ரெண்டேகால்.

பேசினது பெரியம்மா பொண்ணு. பொண்ணுங்க குரூப்புல டிரம் அடிக்கிறவ, தலைவியும் அவதான். பேரத்துக்குப் பாட வராது. வாயைத் திறந்தா தெருநாய் எழுந்து வேற தெருவுக்குப் போயிடும். தாளம் தட்டச் சொன்னா கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஆனா எந்த கிட்டார் கம்மி விலையில உழைக்கும், எது பார்க்கப் பகட்டா இருந்து உள்ள வெறும் அட்டைப்பெட்டி, எந்த கேபிள் மூணே மாசத்துல கரகரக்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. எல்லாம் விடிய விடிய வீடியோ பார்த்து வளர்த்த ஞானம். அதனாலதான் 'பேரம்'னு பட்டப்பேரு. அதனாலதான் குரூப்புல இடமும். அந்த இடமும் போச்சுன்னா மத்தவங்க வாசிக்கிறதை ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்க வேண்டியதுதான்.

முன்னாடி பேஸ் வாசிச்சவ வீடு மாறிப் போய்ட்டா, பேஸையும் தூக்கிட்டுப் போய்ட்டா. அக்கா எங்கயோ தேடிப்பிடிச்சுப் புதுசா ஒருத்தியைச் சேர்த்தா. பேரம் இன்னும் அவ முகத்தைக்கூடப் பார்க்கல. பிரமாதமா வாசிப்பாளாம், சொந்தமா பேஸ்தான் இல்லையாம். எல்லாரும் உண்டியலை உடைச்சு பேரம் கையில குடுத்தாங்க. "உனக்குத் தெரியாததா"ன்னு வேற சொல்லிட்டாங்க.

அவளும் தேடித் தேடி போன்ல ஒண்ணைக் கண்டுபிடிச்சா. பளபளன்னு கறுப்பு. கடை விலையில மூணுல ஒரு பங்கு. ஒருத்தர் கண்ணாடி முன்னாடி நின்னு அதைத் தோள்ல மாட்டிக்கிட்டு எடுத்த போட்டோ. பேஸ் தலையில இருந்த எழுத்து ஒண்ணும் புரியல. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி போலன்னு மதிப்பு இன்னும் கூடிப்போச்சு.

"ஏண்ணே இவ்ளோ கம்மி?"ன்னு விக்கிறவர் வீட்டுக்கே போய்க் கேட்டா.

"வாங்குறவங்க கம்மிம்மா."

"ரிப்பேரா?"

"ஒரு கீறல் கிடையாது. ஆனா திருப்பிக் கொண்டு வந்தா வாங்க மாட்டேன்."

"இன்னும் கொஞ்சம் குறைங்கண்ணே."

உடனே குறைச்சாரு. அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். வரல. பெருமைதான் வந்துச்சு. உறையைக்கூட முழுசாப் பிரிக்காம, கீறல் இருக்கான்னு தடவிப் பார்த்துட்டுத் தூக்கிட்டு வந்துட்டா.

வீட்டுல தோள்ல மாட்டினா, கழுத்து வலது பக்கம் நீட்டிக்கிட்டு நின்னுச்சு. இடது பக்கம் திருப்பினா தடிக் கம்பி கீழ, மெல்லிசுக் கம்பி மேல, சத்தம் கூட்டுற திருகெல்லாம் முழங்கையைக் குத்துது. நமக்குத்தான் பிடிக்கத் தெரியலைன்னு நினைச்சு, முதல்ல மாட்டின மாதிரியே மாட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி போய் நின்னா. கண்ணாடியில எல்லாம் கச்சிதமா இருந்துச்சு. தலையில இருந்த எழுத்துகூட போட்டோவுல பார்த்த அதே புரியாத எழுத்து.

குனிஞ்சு நேரா பார்த்தா. சாதாரண இங்கிலீஷ்.

போனை எடுத்து அந்தப் போட்டோவைத் திரும்பப் பார்த்தா. கண்ணாடியில எடுத்த போட்டோ. இடது வலதாத் தெரிஞ்சிருக்கு. இது இடது கைக்காரங்களுக்குன்னே செஞ்ச பேஸ்.

சரி, கம்பியைக் கழட்டி இடம் மாத்திட்டா முடிஞ்சுதுன்னு ஆரம்பிச்சா. கழுத்து மேல கம்பி உட்கார ஒரு வெள்ளைப் பட்டை, அதுல நாலு பள்ளம். தடிக் கம்பி சின்னப் பள்ளத்துல உட்கார மாட்டேன்னுச்சு. மெல்லிசுக் கம்பி பெரிய பள்ளத்துல விழுந்து ஈ மாதிரி ரீங்காரம் போட்டுச்சு. அதுக்குத்தான் அரம்.

"என் அரம் எங்கடி?" அம்மா கதவைத் திறந்துக்கிட்டு வந்தாங்க. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செட் செஞ்சு குடுக்கிறவங்க அவங்க. பின் ரூம்தான் பட்டறை. "அதை வச்சு என்ன பண்றே?"

"பள்ளத்தைப் பெருசாக்குறேன்மா."

"எதுக்கு?"

"சின்னதா இருந்துச்சு."

"இப்போ?"

"ரொம்பப் பெருசாயிடுச்சு."

சொல்லும்போதே அழுகை வந்துருச்சு. எல்லாத்தையும் கொட்டிட்டா.

"உன் புத்தி செருப்பு வாங்கப் போனாலும் இப்படித்தான்! பாதி விலைன்னா ரெண்டுமே இடது காலா இருந்தாலும் வாங்கிட்டு வருவே. அந்த அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடு."

"சொன்னா என்னை வெளிய அனுப்பிடுவாங்கம்மா. அங்க நான் வேற எதுக்கு?"

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "மூக்கைத் துடை. அதை இங்க கொண்டா"ன்னாங்க. ஒரு கிண்ணத்துல பொடியைக் கொட்டி, மருந்தை ஊத்திக் கலக்கினாங்க. மூக்கைத் துளைக்கிற நெடி.

"என்னம்மா இது, ரோஸ் கலர்ல இருக்கு?"

"ஈறு வைக்கிற சாமான்டி, வேற எப்படி இருக்கும்?"

"வெள்ளை இல்லையா?"

"தீர்ந்து போச்சு. ஊர்ல பாதிப் பேர் இதை வச்சுத்தான் கடிச்சுத் தின்னுட்டு இருக்கான். உன் நாலு கம்பியைத் தாங்காதா?"

வெள்ளைப் பட்டையில அதை அப்பினதும் கால் மணி நேரத்துல இறுகிடுச்சு. பல்லு குடையுற குட்டி மிஷினால அம்மா நாலு பள்ளம் போட்டாங்க. கம்பியை ஏத்தித் தட்டினா, 'டும்'! சுவரே அதிர்ந்துச்சு. பேரத்துக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. பேஸ் மட்டும் ஈறு தெரியச் சிரிக்கிற மாதிரி இருந்துச்சு.

மணி மூணே முக்கால். வாரை மாட்டித் தோள்ல போட்டா. பேஸ் அப்படியே குப்புறக் கவுந்துச்சு. ஏன்னா, பேஸ் உடம்புல நீட்டிக்கிட்டிருக்கிற ரெண்டு கொம்புல, வாரை மாட்டுற திருகாணி இருந்த கொம்பு இப்போ கீழ்ப்பக்கம் வந்துருச்சு. திருகாணியை மேல இருக்கிற கொம்புக்கு மாத்தணும்.

மாடி வீட்டு மாமா அலமாரி செய்யிறவர். அவர்கிட்ட தூக்கிட்டு ஓடினா.

"மாமா, இந்த ஒரு திருகாணியை மட்டும் அந்தப் பக்கம் மாத்திக் குடுங்க. அவசரம்."

மாமா பேஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரெண்டு நிமிஷத்துல திருகாணி மாறிடுச்சு. அதோட விட்டிருக்கலாம்.

"ஏம்மா, கீழ இந்த நீட்டுக் கொம்பு எதுக்கு? கை போற வழியில மறிச்சுக்கிட்டு நிக்குதே."

"ஆமா மாமா, கொஞ்சம் இடிக்குது. லேசா இழைச்சா..."

மீதி வார்த்தையை ரம்பம் தின்னுடுச்சு. மின்சார ரம்பம் வேற. கொம்பு டக்குன்னு தரையில விழுந்து உருண்டு போச்சு.

"மாமா!"

"என்ன மாமா? வேலைன்னா சுத்தமா இருக்கணும். கூலியெல்லாம் வேணாம்." மாமா வரிசை வரிசையா பல்லைக் காட்டிச் சிரிச்சார். "இந்தப் பல்லெல்லாம் உங்கம்மா செஞ்சதுதானே."

அறுத்த இடம் வெள்ளை வெளேர்னு புண்ணு மாதிரி தெரிஞ்சுது. கறுப்பு பெயிண்ட் அவர்கிட்ட இல்ல. கீழ வந்து பேரம் ஷூ பாலிஷை எடுத்து மூணு தடவை பூசினா. பழைய சாக்ஸால தேய் தேய்னு தேய்ச்சா. தூரத்துல நின்னு பார்த்தா தெரியல. அஞ்சடி தூரத்துலன்னா தெரிஞ்சுது. எட்டடி தூரத்துல, லைட்டை அணைச்சா, சுத்தமாத் தெரியல.

ஒரு லைட்டை அணைச்சுட்டு, பேஸைச் சுவர் மூலையில சாய்ச்சு வச்சா. காலிங் பெல் அடிச்சுது.

அக்கா வந்ததும் வராததுமா லைட்டைப் போட்டா. "என்னடி, இருட்டுல உட்கார்ந்திருக்கே?" நேரா பேஸ்கிட்ட போய்க் குனிஞ்சா.

"இங்க என்ன ரோஸ் கலர்?"

"அது... கம்பி வழுக்காதுக்கா. புது சாமான். டாக்டருங்கள்லாம் யூஸ் பண்றது."

"டாக்டருங்களா?"

"அவ்ளோ தரம்னு சொல்ல வந்தேன்."

"ஒரு பக்கம் ஏன் மொட்டையா இருக்கு?"

"வெயிட்டைக் குறைக்கத்தான். தோள் வலிக்காது பாருங்க."

"பாலிஷ் வாசனை வருதே?"

"துடைச்சு வச்சேன்க்கா, உங்களுக்காக."

அக்கா பேஸைத் தூக்கி, தடிக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினா. 'டும்'. ஜன்னல் கண்ணாடி நடுங்குச்சு. அக்கா முகம் மலர்ந்து போச்சு.

"இந்தக் காசுக்கா? நிஜமாவா? பேரம்னா பேரம்தான்டி! இனிமே குரூப்புக்கு ஒரு ஊசி வாங்கணும்னாலும் நீதான்."

பேரம் நாற்காலியில தொப்புன்னு உட்கார்ந்தா. உள் ரூம்லேர்ந்து அம்மா பெருமூச்சு விட்டது இங்க வரைக்கும் கேட்டுச்சு.

"இந்தா, பிடி"ன்னு அக்கா பேஸைப் பின்னாடி நின்ன பொண்ணுகிட்ட நீட்டினா. ஒல்லியா, சத்தமே இல்லாத பொண்ணு. அதுதான் புதுசு. அவ வாங்கி மடியில வச்சா. வாசிக்கல. ரோஸ் ஈறைத் தடவினா. இடம் மாறின திருகாணியைத் தடவினா. அறுத்த கொம்புல விரலை வச்சா, விரல் கறுப்பாச்சு. அவ கண்ணு கலங்குறதைப் பார்த்து அக்கா பதறிட்டா.

"என்னடி ஆச்சு? பிடிக்கலையா?"

புதுசு அது இல்லைன்னு தலையை ஆட்டிட்டு, பேரத்தை நிமிர்ந்து பார்த்தா.

"மூணு வருஷமா ஏறாத கடை இல்ல, இடது கைக்காரிக்கு ஏத்த பேஸ் ஒண்ணுகூட இல்லைன்னு எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க; உன் கண்ணுக்கு மட்டும் அது கிடைச்சிருக்கு, ஆனா இதைப் போய் எந்தப் பாவி இப்படி அறுத்து வலது கைக்கு மாத்தினான், பேரம்?"