ஒரே கிதாரில் இரண்டு ஆள்

சங்கரன்கோவில்,
14-6-1982

சிரஞ்சீவி மைத்துனன் குற்றாலநாதனுக்கு வைத்தியலிங்கம் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. சங்கரநாராயண சுவாமி கிருபையில் உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாயிருக்க வேண்டும். இங்கேயும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், எழுத முடியவில்லை. காரணம், பொங்கலுக்கு மெட்ராஸிலிருந்து உன் மருமகனுக்குக் கொண்டுவந்து கொடுத்தாயே, அந்தக் கிதார்.

கிதாரோடு விட்டாயா? ஜாஸ் சங்கீதம் என்று ஒரு புத்தகத்தையும் நாலு கேசட்டையும் அல்லவா கூடக் கொடுத்தாய். பையன் கோமதிநாயகம் பேங்கிலிருந்து வந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் தெருப்பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். நாலு தந்திகளைச் சேர்த்து அழுத்தி ஒன்றாக மீட்டினால் அதற்குக் கார்டு என்று பெயராம். அடியில் கார்டு போய்க்கொண்டே இருக்க, மேலே பாட்டும் வர வேண்டுமாம். "ரெண்டையும் ஒரே ஆளு, ஒரே நேரத்துல வாசிக்கணும்ப்பா. கேக்குதவனுக்கு ரெண்டு பேரு வாசிக்க மாதிரி இருக்கணும்" என்றான். ஒரு கையால் மாவாட்டிக்கொண்டு மறுகையால் தொட்டிலாட்டுகிற வேலை என்று புரிந்துகொண்டேன். அதோடு விட்டிருக்கலாம், கிரகம் விடவில்லை.

சிவகிரி குருநாதன் பெண்ணைப் பேசியிருப்பது உனக்குத் தெரியும். ஆவணியில் முகூர்த்தம் வைக்கலாம் என்ற மட்டும் வந்தாயிற்று. போன புதன்கிழமை அந்த மனுஷர் எங்களுக்குச் சொல்லாமல் பஸ் ஏறி வந்து, பெண்ணைப் பெற்றவர்கள் செய்கிற வழக்கப்படி பக்கத்து வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்திருக்கிறார். பக்கத்து வீடு யார்? நெல்லையம்மாள்! மோர் கொடுத்து உட்கார வைத்து, "பையன் தங்கம்தான். ஆனா அந்த ரூமுல ரெண்டு ஆளுல்லா வாசிக்காவ. பகல் பதினோரு மணிக்குக்கூடக் கேக்கும். நமக்கு எதுக்கு ஊர் வம்பு" என்றாளாம். பதினோரு மணிக்குப் பையன் பேங்கில் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறான், நான் தாலுகா ஆபீஸில் இருக்கிறேன். எப்படிப்பட்ட புளுகு பார்!

ஞாயிற்றுக்கிழமை குருநாதன் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடக் கூடாது. மாப்ள ரூமுல கூட யாரு இருக்கா?" என்றார். உண்மை நம் பக்கம் இருக்கிறதே என்ற தெம்பில், "ஒரே ஆளுதான் ரெண்டையும் வாசிக்கான். நீங்களே கேளுங்க" என்று பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அங்கேதான் வந்தது வினை. மாமனாராகப் போகிறவர் கண்கொட்டாமல் பார்த்தால் யாருக்குத்தான் விரல் ஓடும்? பாட்டை எடுத்தான், கார்டு நின்றுவிட்டது. கார்டைப் பிடித்தான், பாட்டைக் காணோம். வேர்வை சொட்டுகிறது. கடைசியில், "அப்பா, இது ரெண்டும் சேர இன்னும் ஆறு மாசம் ஆகும்" என்று அவர் காதுபடவே சொல்லிவிட்டான்.

குருநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். "இது ஒரு ஆளு சத்தம். அந்த அம்மா கேட்டது ரெண்டு ஆளு சத்தம். இன்னொரு ஆளு யாருன்னு தெரியாம எம்பிள்ளைய எப்படி அனுப்பட்டும்?" என்று காப்பியைத் தொடாமல் போய்விட்டார். உன் அக்கா காந்திமதி அடுக்களை வாசலில் நின்றவள், கையிலிருந்த தம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். பாவம், அவளுக்கும் அதிர்ச்சி.

பயத்தில் இன்று ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இந்த இடம் தட்டிப்போனால் ஊரில் வேறு யார் பெண் கொடுப்பார்கள்? வெள்ளிக்கிழமைக்குள் நீ வந்து கிதாரை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். போகிற வழியில் சிவகிரிக்கும் போய், அந்த அறையில் எவளும் இல்லை என்று கோமதியம்மன் மேல் சத்தியம் செய்ய வேண்டும். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், உன் மாமியாருக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
வைத்தியலிங்கம்

பின்குறிப்பு: சத்தியம் செய்துவிடாதே. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போனவன், உன் வீட்டுக் கதவு எண் எழுதாததைப் பார்த்துப் பாதி வழியில் திரும்பினேன். தெருவில் வரும்போதே அறையிலிருந்து பாட்டும் கார்டும் சேர்ந்து கேட்டது, சுத்தமாக, இரண்டு ஆள் வாசிக்கிற மாதிரி. பையனுக்கு வந்துவிட்டதே என்று வாசல்படியில் கால் வைத்த பிறகுதான், அவன் பேங்குக்குப் போன ஞாபகம் வந்தது. மணி பதினொன்று. கதவைத் தள்ளினேன். உள்ளே கிதாரோடு உன் அக்கா. என்னைப் பார்த்த பதற்றத்தில் ஒரு தந்தியை அறுத்துவிட்டாள்.

"வீணையில பாட்டு வாசிக்கும்போதே சுண்டுவிரலால பக்கத்துத் தந்தியையும் தட்டிக்கிட்டே இருக்கணும். அந்தப் பழக்கந்தான். எனக்கு ஒரே மாசத்துல வந்துட்டு" என்றாள். கல்யாணமாகி வந்த வருஷம் என் அப்பா அந்த வீணையைக் கட்டி உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பினாரே, நான் பக்கத்தில் பேசாமல் நின்றேனே, அது உனக்கும் நினைவிருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது.

"சம்பந்தியை இன்னொரு மட்டம் வரச் சொல்லுங்க. நானே வாசிச்சுக் காட்டுதேன்" என்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேன். நீ வெள்ளிக்கிழமை வா. கிதார் இங்கேயே இருக்கட்டும், வரும்போது ஒரு செட் தந்தி மட்டும் வாங்கிக்கொண்டு வா.