மேலிருந்து கீழே படித்தால்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நான், உங்கள் தங்கை, தையல் மெஷின் மூவரும் நலம். உங்கள் மருமகள் மட்டும் அப்பனோடு பேசுவதில்லை. அங்கு அனைவரும் பேச்சுவார்த்தையோடு நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் 'தங்கமான பையன்' என்று சிபாரிசு செய்தவன், அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பல் பிடுங்க வந்த இடத்தில் அவளுக்குக் கவிதை எழுதிக் கொடுத்திருக்கிறான். கல்யாணம் கிடையாது என்றேன். "புரியாமலே முடியாதுன்னு சொல்லாதீங்கப்பா. மொதல்ல அலசிப் பாருங்க" என்று, நீங்கள் பாடம் நடத்திய பழைய இலக்கணப் புத்தகத்தையும் அந்தக் கவிதையையும் என் வெட்டுமேஜையில் போட்டுவிட்டுப் போனாள். இறங்கிவிட்டால் நான் விடுகிற ஆளா?

பார்த்த கணமே பல்வலி மறந்தேன்
விழித்த கண்ணில் வெயிலாய் நின்றாய்
மாடிப் படியில் மழைபோல் வந்தாய்
மாலை முழுதும் மனம் நனைந்தேன்

முதலில் டேப் வைத்து அளந்தேன். கடைசி வரி குட்டை. வெண்பாவா, ஆசிரியப்பாவா என்று போனில் கேட்டால் "சும்மா வந்துச்சு மாமா" என்கிறான். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்துப்போக வேண்டுமாம். இங்கே ர், ழி, டி, லை, நாலு பட்டனும் நாலு கலர். பல்வலி மறந்தானாம், ஊசி போட்ட டாக்டருக்கு ஒரு வரி உண்டா? உயர்வு நவிற்சி! இரண்டாம் வரியில் என் மகள் வெயில், மூன்றாம் வரியில் மழை. புத்தகம் இதை முரண் என்கிறது; வளர்த்தவன் நான், முரண்டு என்கிறேன். மோனையில்தான் குறை சொல்ல முடியவில்லை, பார்த்த–பல்வலி, மாடி–மழை என்று தையல் நேராக ஓடுகிறது. எரிச்சலில் வரிகளின் முதல் எழுத்துமேல் விரலை வைத்துக் கீழே இறக்கினேன். பா. வி. மா. மா. மச்சான், எனக்குக் கையும் ஓடலே, காலும் ஓடலே! ஆளை நேரில் வரச் சொன்னேன். படித்துப் பார்த்து வேர்த்துப்போய், "சத்தியமா தெரியாம நடந்துருச்சு மாமா! கடைசி ரெண்டு வரியத் தூக்கி மேல போட்டுடறேன்" என்றான். போட்டால் என்ன வருது? மாமா பாவி! முன்னது கோபத்தில் சொல்வது, இது தீர்ப்பு. உங்கள் தங்கை சிரித்த சிரிப்பில் வாயில் கவ்வியிருந்த குண்டூசி தெறித்து விழுந்தது. மகள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன்: எதுகை தெரியாதவனுக்குப் பெண் கிடையாது. இந்தப் பேச்சை இனி எடுக்க வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
மனம் மாறாத,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் கை சும்மா இருக்கவில்லை. எதிரே ஒன்று கோணலாகக் கிடந்தால் எனக்குத் தூக்கம் வராது, உங்களுக்கே தெரியும். இரண்டாம் வரியை வெட்டி எடுத்துவிட்டு, 'சன்னல் ஓரம் சற்றே நின்றாய்' என்று வைத்துத் தைத்தேன். வெயில் போனது, அத்தோடு முரணும் போனது. இப்போது படியுங்கள்: பா, ச, மா, மா. மோனைக்காகத்தான் மாற்றினேன், வேறொன்றும் இல்லை. இன்னும் வாசலைவிட்டுப் போகாத பையன் கண் கலங்கிவிட்டான். மகள் "அப்பா" என்றாள். எத்தனை நாளாகக் கேட்காத வார்த்தை! கத்தரி வைத்த துணியை நான் யாருக்கும் திருப்பிக் கொடுத்ததில்லை, மச்சான். நாள் குறித்து எழுதுங்கள். மாப்பிள்ளைக்குச் சட்டை அளவு எடுத்தாயிற்று.