அக்டோபர் முகூர்த்தமும் ஊறுகாய் வாளியும்

ஏரிக்கரை, ஒஹாயோ
வியாழக்கிழமை, காலைக் காப்பிக்கும் இரண்டாவது காப்பிக்கும் நடுவே

பேரழகும் அதைவிடப் பெரிய கோபமும் வாய்க்கப்பெற்ற என் ஒரே மருமகள் ஹலினாவுக்கு,

உன் தாய்மாமன் காஸிமிர், தெருவாருக்குக் கேஸி, இந்த ஏரியின் தென்கரையில் பேஸ்பால் அறிந்தவர்களுள் தலையாயவன், சகல மரியாதைகளோடும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் லூசில் அத்தையும் சுகம். என் இடது முட்டி மட்டும் சுகமில்லை. நீயும், என் தங்கையான உன் அம்மா மார்செல்லாவும், மாப்பிள்ளை வெஸ்லியும் சுகமென்று நம்புகிறேன். நேற்று ஆட்டம் முடிந்த கையோடு நீ போன் செய்து, "வாளியா நானா, ஒண்ணைச் சொல்லுங்க மாமா. அப்பா இடத்துல நின்னு நீங்கதான் என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். முடியாதுன்னா நான் தனியாவே நடந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாயே, அந்த வேகத்தில் எங்கள் அலமாரியில் இருந்த பீங்கான் தட்டுகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். கல்யாண மேசைக்குப் பிஸ்கட் சுட அத்தை உன் வீட்டுக்கு வருகிறாள், அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் தேதி விஷயத்தைப் பேசிவிடுவோம், வரலாறு என்னைத் தவறாக எழுதிவிடக் கூடாது. நம் ஊரில் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது எப்படி என்று உனக்குத் தெரியும். சமையலறைச் சுவரில் பேஸ்பால் அட்டவணையையும் ஃபுட்பால் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, எந்தக் கட்டம் இரண்டிலும் காலியோ அதுவே முகூர்த்தம். வசந்தத்திலிருந்து செப்டம்பர் கடைசிவரை அநேகமாகத் தினமும் பேஸ்பால், ஆகாது. செப்டம்பரிலிருந்து ஞாயிறுதோறும் ஃபுட்பால், ஆகவே ஆகாது. குளிர்காலத்தில் வைத்தால் ஏரிப்பனியில் மணப்பெண்ணை மண்வெட்டி கொண்டுதான் தோண்டி எடுக்க வேண்டும். மிச்சம் அக்டோபர் சனிக்கிழமைகள். அக்டோபரில் பேஸ்பால் கிடையாதா என்றால், உண்டு, நன்றாக ஆடுகிற ஊர்களுக்கு. நம் கொக்குகள் அணியோ செப்டம்பர் முடிவதற்குள் மூட்டை கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்து, மீன் பிடித்து, அதைப் பொரித்தும் முடித்திருக்கும். அந்த ஒரு விஷயத்தில் அவர்களைப் போல வாக்குத் தவறாதவர்கள் பூமியில் பிறந்ததில்லை. அவர்களை நம்பித்தான் நம் சர்ச் கூடத்தில் அக்டோபர் சனிக்கிழமைகளை ஒன்றரை வருஷம் முன்பே ஆளாளுக்குப் பிடித்துவைக்கிறார்கள். நீ தேதி சொன்னபோது ஊரே தலையாட்டியது. அந்தப் பயல்கள் இந்த வருஷம் பார்த்து ஜெயித்து நம் கழுத்தை அறுப்பார்கள் என்று யார் கண்டது? நேற்றும் ஜெயித்துவிட்டார்கள். இப்போது தொடரில் கணக்கு சமம். தீர்மானிக்கும் கடைசி ஆட்டம் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. உன் கல்யாணமும் மூன்று மணிக்கு.

இனி வாளி. ஆகஸ்டில் பக்கத்து வீட்டு ஃப்ளாய்ட் தோட்டத்தில் கறி சுட்டுக்கொண்டிருந்தான். கொக்குகள் ஏழு ஓட்டம் பின்தங்கி, மட்டையாளர்கள் ஈ ஓட்டுவது போல வீசிக்கொண்டிருந்தார்கள். நான் ஐஸ் எடுக்க நம் கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போனவன், முட்டி வலித்ததால், அத்தை சர்ச் சமையற்கட்டிலிருந்து கொண்டுவந்து கவிழ்த்து வைத்திருந்த வெள்ளரி ஊறுகாய் வாளிமேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன். பரணில் பழைய ரேடியோ. உட்கார்ந்த உடனே ஒரு ஹோம் ரன். அடுத்தவனும் ஹோம் ரன். என் கையில் இருந்த ஐஸ் தண்ணீராகி, தண்ணீர் ஆவியாகி, ஆவி மேகமாகித் திரும்ப மழையாகப் பெய்கிறவரை நான் எழுந்திருக்கவில்லை. ஜெயித்தோம். மறுநாள் சோபாவில் உட்கார்ந்தேன், தோற்றோம். அதற்கு மறுநாள் வாளி, ஜெயித்தோம். அன்றிலிருந்து நான் அதன்மேல் உட்காருவதில்லை, வீற்றிருக்கிறேன். கண்ணைக் கட்டி ஆயிரம் வாளிகளுக்கு நடுவே என்னை விட்டாலும், அமர்ந்த மாத்திரத்தில் இதுதான் அது என்று சொல்லிவிடுவேன். அதன் அடிப்பாகமும் என் அடிப்பாகமும் இந்த இரண்டு மாதத்தில் ஒன்றையொன்று செதுக்கிக்கொண்டுவிட்டன.

இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேள். இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்கினால் நம் கொட்டகை வாசலில் யாராவது ஒரு தட்டு பியரோகி கொழுக்கட்டை வைத்துவிட்டுப் போகிறார்கள். தபால்காரம்மா என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்துகிறாள். நேற்று நீ போனை வைத்த கொஞ்ச நேரத்தில் தெருவே திரண்டு கொட்டகைக்கு வந்துவிட்டது. தலைமை ஃப்ளாய்ட்.

"யோவ் கேஸி, சனிக்கிழமை நீ சர்ச்சுக்குப் போறியாமே?"

"மருமக கல்யாணம்யா."

"கல்யாணம் இன்னொண்ணு வரும்யா. இது வராது."

"அவளுக்கு இன்னொண்ணு வரும்ங்கிறியா?"

"அப்படிச் சொல்லல. மாப்பிள்ளை கொக்கை வாத்துன்னு சொல்றவன். கொஞ்சம் யோசிச்சுப் பாருன்னேன்."

இந்த இடத்தில் வெஸ்லிக்காக நான் வாதாடினேன் என்பதைக் குறித்துக்கொள். பேஸ்பாலில் எத்தனை கோல் போட வேண்டும் என்று கேட்ட பிள்ளைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல மனசு. போன வாரமே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, இதுக்கு ஏன் சண்டை? வாளியை சர்ச்சுக்கே எடுத்துட்டு வந்துடுங்களேன், ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடிக்கலாம்" என்றான். பேஸ்பால் தெரியாத ஒருவனிடம் இத்தனை ஞானம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நேராக ஃபாதர் க்வாஸ்னியிடம் போனேன். அவர் கண்ணை மூடிச் சற்று நேரம் பிரார்த்தித்துவிட்டு, "வாளிக்கு எதிரா வேதத்துல ஒண்ணும் இல்ல. பிரசங்கத்தைக்கூட நான் சுருக்கிக்கிறேன். அஞ்சாவது இன்னிங்ஸுக்குள்ள ரெண்டு பேரையும் புருஷன் பெண்டாட்டி ஆக்கிடலாம்" என்றார். சொர்க்கமும் கொக்குகள் பக்கம்தான் என்று துள்ளிக்கொண்டு வந்தேன். நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. "என் கல்யாண ஃபோட்டோவுல ஊறுகாய் வாளியா?" என்றாய்.

ஆகவே நேற்று தெருவாரை அனுப்பிவிட்டு, வாளிமேல் அமர்ந்து உலகத்தைப் பற்றிச் சிந்தித்தேன். ஹலினா, நம் நாட்டு ஃபுட்பால் என்பது கல்யாணம் மாதிரி. வாரத்தில் ஒரு நாள், பேண்டு வாத்தியம், முகத்தில் சாயம், ஆளாளுக்குத் தலைக்கவசம், வயிறு முட்டத் தீனி, இரண்டு குடும்பமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரளும், கடைசியில் யாராவது அழுதுகொண்டே வீட்டுக்குப் போவார்கள். பேஸ்பால் அதற்கு அப்புறம் வருகிற நாற்பது வருஷம். தினமும் உண்டு, பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஒருவர் தொப்பியைச் சரிசெய்வார், ஒருவர் துப்புவார், இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். நீ கடலை எடுக்கத் தலையைத் திருப்பும் நேரத்தில்தான் எல்லாம் நடந்து முடியும். பத்துத் தடவையில் மூன்று தடவை சரியாக அடித்தவனை அதில் மகா வீரன் என்கிறார்கள். அத்தை சொன்ன வேலையில் நானும் பத்துக்கு மூன்று செய்கிறேன், எனக்கு மட்டும் யாரும் சிலை வைக்கவில்லை. நம் முள்ளம்பன்றிகள் ஃபுட்பாலில் ஞாயிறுதோறும் தோற்கிறார்கள், திங்கட்கிழமை காலையில் ஊர் முழுக்க அடுத்த ஞாயிறைப் பற்றித்தான் பேசுகிறது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவள் கல்யாணத்துக்குப் பயப்பட வேண்டியதே இல்லை. நம்பிக்கை வைக்க நமக்குப் பயிற்சி போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது.

இப்படிச் சிந்தித்துக்கொண்டே வந்தபோது உன் அப்பா டெட்டின் ஞாபகம் வந்தது. டெட்டும் நானும் ஒருமுறை மைதானத்தில் இருந்தோம். நம் ஊர் அதுவரை கண்டிராத ஆட்டம், எதிரணியில் ஒரு பயல்கூட முதல் தளத்தில் கால் வைக்கவில்லை. பந்து எறிகிற நம் ஆளிடம் பேசினால் கண் பட்டுவிடும் என்று அவன் கூட்டாளிகளே தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவது இன்னிங்ஸில் டெட் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டான்.

"எங்கடா கிளம்பிட்ட?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல நாடகம். ஹலினா காலிஃப்ளவரா வர்றா."

"வந்து என்ன பேசப்போறா?"

"காலிஃப்ளவர் பேசாது கேஸி. நிக்கும்."

போய்விட்டான். அன்று கடைசிவரை ஒருவனும் தளத்தில் கால் வைக்கவில்லை. நான் பார்த்தேன், உன் அப்பா பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு நன்றி நாள் விருந்திலும், வான்கோழியை அறுக்கும்போது, அந்த ஆட்டத்தைத் தவறவிட்டதைச் சொல்லிச் சொல்லி அலுத்துக்கொள்வான். எனக்கே காது புளித்துப்போகும். ஆனால் அலுத்துக்கொள்ளும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்கிறாயா? அன்று மைதானத்தில் இருந்த முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கும் அந்த முகம் இல்லை. எனக்கும் இல்லை. நான் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால் அத்தை எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுகிறாள். டெட் காலிஃப்ளவரைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் இன்னொரு தரம் கேட்டார்கள்.

ஆகையால் தீர்மானித்துவிட்டேன். பூமி பிளக்கட்டும், ஏரி வற்றட்டும், கொக்குகள் தோற்று அடுத்த எண்பது வருஷம் இந்த ஊர் என் பெயரைச் சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்தட்டும். சனிக்கிழமை மூன்று மணிக்கு, ரேடியோ இல்லாமல், காதில் ஒயர் இல்லாமல், சட்டைக்குள் கொக்கு பனியன் இல்லாமல், உன் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்பேன். வாளியைத் துறந்துவிட்டேன். இன்று காலை அதை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டுபோய் ஃப்ளாய்டிடம் முறைப்படி ஒப்படைத்தேன். சனிக்கிழமை நம் கொட்டகையில், அதே மூலையில், ரேடியோவுக்கு முதுகைக் காட்டி அவன் அமர வேண்டும்.

"தோத்துட்டா இந்தத் தெருவுல நான் எப்படிய்யா நடமாடுவேன்?" என்றான்.

"கல்யாணம் இன்னொண்ணு வரும்னு சொன்னவன்தானே நீ, உட்காரு" என்றேன்.

உட்கார்ந்து பார்த்தான். வாளி முனகியது. அந்த முனகல் பிரிவுத் துயரம் என்று எனக்குப் புரிந்தது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். இரண்டு தடவை மட்டும் பார்த்தேன்.

நீயும் வெஸ்லியும் நூறு அக்டோபர் பார்த்து, ஒவ்வொரு அக்டோபரிலும் நம் கொக்குகள் ஆடி, பிஸ்கட் மேசை காலியாகாமல், போல்கா நடனத்தில் முட்டி வலிக்காமல், பிள்ளைகுட்டிகளோடு வாழ வேண்டும். பிறக்கிற பிள்ளைக்குக் கொக்குக்கும் வாத்துக்கும் வித்தியாசம் நான் சொல்லித் தருகிறேன், அதை அவன் அப்பாவுக்குச் சொல்லித் தரட்டும். மார்செல்லாவுக்கு என் அன்பு. சனிக்கிழமை அவளை அழ வேண்டாமென்று சொல், அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாளியைத் துறந்து ஒரு மருமகளை அடைந்த
உன் மாமன் காஸிமிர்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குமுன் அத்தை வாங்கிப் படித்தாள். அவள் படிக்காத கடிதம் இந்த வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. படித்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எந்த வாளியைத் துறந்தீங்க?" என்றாள். நான் ஆகஸ்டில் உட்கார்ந்த அந்த மகா வாளி, செப்டம்பர் பிறந்ததிலிருந்து நிலவறையில் இருக்கிறதாம், உன் கல்யாணத்து மேசைவிரிப்புகளை அதில்தான் ஒவ்வொன்றாக ஊறவைத்து வெளுக்கிறாளாம், நான் கூச்சல் போடுவேனே என்று சர்ச்சிலிருந்து அதே மாதிரி வேறொன்றைக் கொண்டுவந்து கொட்டகையில் கவிழ்த்து வைத்தாளாம். ஒரு மாதத்துக்கு மேலாக, ஆனானப்பட்ட ஆட்டங்களையெல்லாம் நான் ஜெயித்துக் கொடுத்தது பெயர் தெரியாத ஏதோ ஒரு வாளிமேல் உட்கார்ந்து. நிலவறைக்கு இறங்கிப் போய் என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் விளங்கியது. அதிர்ஷ்டம் வாளியில் இல்லை ஹலினா, வாளிமேல் உட்கார்ந்த அடிப்பாகத்தில் இருக்கிறது. அதை நான் எங்கே போனாலும் கூடவே எடுத்துக்கொண்டுதான் போகிறேன், சனிக்கிழமை சர்ச்சுக்கும் அது வருகிறது. ஃப்ளாய்டிடம் யாரும் சொல்ல வேண்டாம், அவன் பெண்டாட்டி அவனுக்கு மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறாள். உன்னை வெஸ்லியிடம் சேர்த்துவிட்டு முதல் வரிசையில் அமர்ந்துவிடுவேன். பிரசங்கத்தை ஃபாதர் எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டட்டும், இனி அவசரம் ஒன்றுமில்லை. சபையார் எழுந்து நிற்க வேண்டிய இடங்களை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்.