கலங்கல் தண்ணீர் விஷயமாகச் சம்பந்திக்கு

பேரன்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரியும் நலம். தங்கள் மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூரில் நலம். தங்கள் குமாரத்தியும் நலம். நாளைக்குத் திரும்பி வந்து மீன் தொட்டியை எட்டிப் பார்க்கும் வரைக்கும் நலமாகவே இருப்பாள். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்க வேண்டும். குறிப்பாகத் தங்கள் முழங்கால் நலமாக இருக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வேன் டிரைவர் காலையில் இங்கே திரும்பும்போது தாங்களும் அதே வண்டியில் ஏறி வந்தாக வேண்டும்.

போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். இந்த வீட்டில் போனில் பேசுவதும் மைக் பிடித்துப் பேசுவதும் ஒன்றுதான். என் வீட்டுக்காரி காதில் விழுந்தால் அடுத்த நிமிஷம் தங்கள் பெண்ணிடம் போய்விடும்.

நான் குடிநீர் வாரியத்தில் தண்ணீர் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். துளி கலங்கல் தெரிந்தாலும் திருப்பி அனுப்புவேன். அந்தக் கை இன்னும் நிற்கவில்லை. தங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோதும் கொடுத்த தண்ணீரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். தாங்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து எழுந்து நின்றீர்கள்.

அப்படிப்பட்டவனைக் கொண்டுவந்து மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்துக் குடியிருப்பில், தங்கள் பெண்ணின் தொட்டிக் கொட்டகைக்கு எதிரில் குடிவைத்தால் என்ன ஆகும்? அவளுடைய ஆராய்ச்சியே தண்ணீரை மாற்றாமல் மீன் வளர்ப்பதுதானாம். தொட்டியில் இருப்பது தண்ணீர் என்று அவள் சொல்கிறாள். நான் பார்த்தவரைக்கும் அது சேறு. பொறுமையாகத்தான் விளக்கினாள். “மீன் கழிக்கிறத நுண்ணுயிர் சாப்பிடும் மாமா. அதுங்க திரளா திரளா சேரும். அந்தத் திரள மறுபடி மீன் சாப்பிடும். தண்ணி வீணாகாது, தீவனமும் மிச்சம்.” நான் கேட்டேன், “அப்ப நாம எதம்மா சாப்பிடுறோம்?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “மீன” என்றாள். அன்று முதல் நான் சைவம்.

அந்த நுண்ணுயிர்களுக்குச் சர்க்கரைப் பாகு வேறு ஊற்றுகிறாள். எனக்குச் சர்க்கரை வியாதி என்று டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்ட வீட்டில், கண்ணுக்கே தெரியாத பூச்சிகளுக்குப் பாட்டில் பாட்டிலாகப் பாகு!

இதற்கு நடுவில் என் காது. கொஞ்ச நாளாக ‘ங்ங்ங்’ என்று ஒரே இரைச்சல். என் அறைக்குள் போனால் இரைகிறது, வெளியே வந்தால் நிற்கிறது. காது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். கூட வந்த என் வீட்டுக்காரி, “சும்மா இருக்கத் தெரியாத மனுஷனுக்குக் காது மட்டும் சும்மா இருக்குமா?” என்றாள். இரைச்சலால் தூக்கம் இல்லை, தூக்கம் இல்லாததால் நடை, நடந்தால் கால் நேரே அந்தக் கொட்டகைக்குத்தான் போகிறது. ஆகவே நடந்ததற்கு மூல காரணம் என் காது என்பதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

அடுத்த வாரம் அந்தத் தொட்டி மீன்களைப் பார்க்க நிபுணர் குழு வருகிறது. அந்தக் கலங்கலிலேயே நோய்நொடி இல்லாமல் வளர்வதற்கென்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்துத் தங்கள் பெண் உருவாக்கிய மீன் இனம் அது. குழுவுக்குப் பிடித்தால் குஞ்சுகள் பண்ணைகளுக்குப் போகும். பிடிக்காவிட்டால் கொட்டகை பக்கத்து ஆராய்ச்சிக்காரரான இறால்காரருக்குப் போய்விடும். அவர் இப்போதே டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறார். இது விஷயமாகத்தான் அவள் தலைமை அலுவலகம் போனாள். போகும்போது காவல்காரரிடம், “காத்து மோட்டார் நிக்காம பாத்துக்கோங்க, தண்ணிய யாரும் தொடக்கூடாது” என்றாள். சொன்னது காவல்காரரிடம், பார்த்தது என்னை.

நேற்று முன்தினம் ஒரு குவளை மொண்டு தூக்கிப் பார்த்தேன். மறுபக்கம் இருந்த என் விரலே தெரியவில்லை. இந்த லட்சணத்தில் நிபுணர்கள் வந்து பார்த்தால் நம் பெண்ணின் மானம் என்னாவது என்று மனசு அடித்துக்கொண்டது. காவல்காரரை, கொட்டாவி என்றால்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும், டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினேன். மீன்களைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றினேன். அடி மதகைத் திறந்தேன். சுவரெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மீனுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியாதா? கிணற்றுத் தண்ணீர்தான் விட்டேன். பளிங்கு மாதிரி இருந்தது, சம்பந்தி! மீன்களைத் திரும்ப விட்டபோது என் கண்ணே நிறைந்துவிட்டது.

மறுநாள் காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நன்றி சொல்கின்றன என்று நினைத்தேன். அப்போது கொட்டாவி வந்தார். வாழ்நாளில் முதல்முறையாகக் கொட்டாவி விடாமல் வாய் திறந்தார்.

“ஐயா, தண்ணி எங்கய்யா?”

“இதோ இருக்கே.”

“இது இல்லய்யா. அந்தத் தண்ணி.”

“அத மாத்தியாச்சு.”

“மாத்திட்டீங்களா? மீன யாருய்யா திருடப்போறா? அந்தத் தண்ணிக்குத்தான்யா நான் காவல்!”

அப்புறம்தான் உறைத்தது. அந்த நுண்ணுயிர்கள் இல்லாமல் மீன்களின் கழிவு அவற்றுக்கே விஷமாகிறது. நன்றியாவது ஒன்றாவது, அவை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன.

அதிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. தண்ணீரைத் திரும்ப அழுக்காக்கப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கத் தெளியவைத்தவனுக்குக் கலக்கத் தெரியவில்லை. தோட்டத்து மண்ணைப் போட்டேன், அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. டீத்தூள் கசடைப் போட்டேன், நிறம் வந்தது, நுண்ணுயிர் வரவில்லை. பாகு காய்ச்சலாம் என்று பரணில் ஏறிச் சர்க்கரை டப்பாவை எடுத்தபோது கையும் களவுமாக என் வீட்டுக்காரியிடம் மாட்டிக்கொண்டேன். “உயிர்மேல ஆசையே இல்லையா உங்களுக்கு?” என்று பிடுங்கிக்கொண்டாள். மீனுக்கு என்று சொல்ல முடியுமா? தின்னத்தான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். இப்போது ஒரு மீன் ஒருக்களித்து நீந்துகிறது. நான் போய் நின்றால் அது என்னைத்தான் பார்க்கிறது.

நாளைக்கு அவள் உள்ளே நுழையும்போது நீங்கள் எனக்கு முன்னால் நிற்க வேண்டும். திட்டுவாள் என்று பயந்து கூப்பிடவில்லை. திட்டமாட்டாள், அதுதான் பயம். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக மீன் செவுளை ஒட்டிவைத்திருந்த கண்ணாடித் துண்டுகளை நான் சோப்புப் போட்டுக் கழுவி அடுக்கிவைத்தபோது, “பரவாயில்ல மாமா” என்றாள். ஃப்ரிட்ஜில் இருந்த பச்சைப் பாசி பாட்டிலைக் கெட்டுப்போன சாறு என்று கொட்டியபோதும், “பரவாயில்ல மாமா” என்றாள். உங்களிடம் போனில், “அறிவிருக்காப்பா உனக்கு? முட்டிக்கு மாத்திரை போட்டியா இல்லையா?” என்று கத்துவதை நான் கேட்டிருக்கிறேன். கத்திவிட்டு உடனே சிரிப்பாள். என்னிடம் மேலதிகாரியிடம் பேசுவதுபோலப் பேசுகிறாள். அவளுடைய இத்தனை வருஷ உழைப்பை வடிகாலில் விட்டுவிட்டு இன்னொரு ‘பரவாயில்ல மாமா’வை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை, சம்பந்தி.

சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரம். தங்கள் குடும்பம் சகல சௌபாக்கியங்களோடும் தெளிந்த தண்ணீரோடும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே முடியாத
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: வரவேண்டாம். உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வேன் வந்தது, அதிலிருந்து தங்கள் பெண் இறங்கினாள். ஒரு நாள் முன்னதாக! தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நேரே என் அறைக்குள் போனாள். மூலையில் குறுக்காகக் கிடந்த பெரிய அலமாரியை நகர்த்தினாள். பின்னால் ஒரு நீல டிரம். உள்ளே அதே சேற்றுத் தண்ணீர், காற்றுக் குழாய் போட்டுக் குமிழி விட்டுக்கொண்டு ‘ங்ங்ங்’ என்கிறது. என் காது, சம்பந்தி! தொட்டித் தண்ணீருக்கு மாற்றாக எடுத்துவைத்தாளாம். தினமும் நான் நடக்கப்போன நேரத்தில் அதற்குச் சர்க்கரை போட்டு வளர்த்தது என் வீட்டுக்காரி. காது டாக்டரிடம் கூடவே வந்து சிரிக்காமல் உட்கார்ந்திருந்த அதே வீட்டுக்காரி.

“ஏம்மா என் ரூம்ல?” என்றேன்.

“இந்த வீட்லயே நீங்க சுத்தம் பண்ணாத ஒரே எடம் அதுதான் மாமா. உங்க ரூம் சுத்தமா இருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.”

டிரம்மைத் தொட்டியில் ஊற்றியாயிற்று. குழு வருவதற்குள் தேறிவிடும் என்கிறாள். ஒருக்களித்த மீனும் நிமிர்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள். கண்ணை மூடிக்கொண்டு அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். “அறிவிருக்கா மாமா உங்களுக்கு?” என்று ஒரு கத்து கத்தினாள். இறால்காரர் டேப்பைக் கீழே போட்டுவிட்டார். சரியாக உங்களிடம் கத்தும் அதே குரல். நடுவில் வேன் டிரைவர் அவள் சாமான்களை இறக்க அவசரமாகக் கூப்பிட்டதால் பாதியில் நிறுத்தி, “மீதிய வந்து வெச்சுக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த நேரத்தில் எனக்காகப் பரிந்து பேச வந்து கெடுத்துவிடாதீர்கள்.