திறந்து கிடந்த கேட்டும் மேய்ந்துபோன ஒரு வரிசையும்

அன்புத் தங்கை இனேஸுக்கு,

கிங் ஆற்றங்கரையிலிருந்து அண்ணன் சில்வானோ எழுதுவது. நீயும், மாப்பிள்ளை ஆல்டோவும், ஆல்டோவின் வலது முழங்காலும் கிரிஃபித்தில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் லிடியாவும் திராட்சைத் தோட்டமும் சௌகரியம், ஒரு வரிசை நீங்கலாக. அந்த வரிசையின் கதை பின்னால் வருகிறது. அதற்கு முன் உன்னிடம் ஓர் உதவி.

ஆல்டோ வேலை பார்க்கும் ஒயின் ஆலையில் பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று ஈஸ்டருக்குப் போன் பண்ணியபோது சொன்னாயே, அந்த வேலையை என் மகள் லிடியாவுக்கு எப்படியாவது வாங்கிக் கொடு. மெல்போர்னில் நன்றாக இருந்தவள், போன குளிர்காலத்தில் பெட்டியும் கையுமாக வந்து இறங்கி, "கொஞ்ச நாள் இருக்கேன்பா" என்றாள். அவள் அம்மா போன பிறகு நான் டின் சூப்பைக் குடித்துக் காலம் தள்ளுகிறேன் என்று யாரோ அவளிடம் வத்தி வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ நீதான் என்று எனக்குத் தெரியும். கிழவனுக்குக் காவல் இருப்பதற்காக ஒரு பெண் தன் நல்ல வயசை இந்தப் பள்ளத்தாக்கில் தொலைப்பதா? நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வாயைத் திறந்து அவளிடம் சொல்லவும் தெம்பில்லை, சொன்னால் நிஜமாகவே போய்விடுவாளோ என்று பயம்.

வந்தவள் சும்மா இருந்தாளா, ஒரு சைக்கிளையும் கூடவே கொண்டுவந்தாள். அது ரேஸ் சைக்கிளும் இல்லை, மலையேறும் சைக்கிளும் இல்லை, இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடித்தது போல ஒன்று. வளைந்த ஹேண்டில்பார், தடித்த டயர். சரளை ரோட்டில் ஓட்டுவதற்கென்றே செய்கிறார்களாம். நம் அப்பா நம் வீட்டு ரோட்டுக்குத் தார் போடச் சொல்லி எத்தனை செருப்பைத் தேய்த்தார், உனக்கு நினைவிருக்கும். இப்போது என்னடாவென்றால், வீட்டு வாசலில் தார் ரோடு வைத்திருக்கிறவர்கள் மூன்று மணி நேரம் காரில் வந்து, நம் சரளையில் பல்லெல்லாம் ஆட ஓட்டிவிட்டு, ஆகா ஓகோ என்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் இவர்களைக் கூப்பிட்டுத் தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்திருப்பார்.

லிடியா ஒரு பாதை போட்டாள். ஆற்றோரமாகப் பழைய புகையிலைக் கொட்டகைகளைத் தாண்டி, நம் தோட்டத்துக்குள் புகுந்து, கேட் வழியாகப் பக்கத்து வீட்டு நெவில் கிராப்ட்ரீயின் ஆட்டு மேய்ச்சலுக்குள் போய், குன்றில் ஏறி, மறுபடி ஆற்றங்கரை. "அறுபது பேரைக் கூப்பிட்டு ஒருநாள் ஓட்டிப் பாக்கறேன்பா. நல்லா நடந்தா இங்கயே இதைத் தொழிலாப் பண்ணலாம். சொதப்பிச்சுன்னா மூட்டை கட்டிடறேன்" என்றாள். நான், "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய், கூர்மையாகவே இருந்த கத்தரிகளை எல்லாம் மறுபடி தீட்டினேன்.

நெவில்தான் முறுக்கிக்கொண்டான். "சைக்கிள்காரனும் வெட்டுக்கிளியும் ஒண்ணுய்யா சில்வானோ. கூட்டமா வருவான், போனப்புறம் ஒண்ணும் மிஞ்சாது. உம்பொண்ணு கேக்கறாளேன்னு விடறேன். என் கேட்டுல மட்டும் எவனாவது வாலாட்டினான், அன்னிக்கு இருக்கு" என்றான். அவனுடைய பயம் நியாயம்தான். கேட் விஷயத்தில் இங்கே சாமிக்கே சலுகை கிடையாது. திறந்திருந்தால் திறந்தபடி விடு, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ. இந்த ஊர்க் குழந்தை அம்மா என்பதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்ளும். மெல்போர்ன்காரர்களுக்கு யார் சொல்வது? நான் சொன்னேன். என் கையாலேயே சிவப்புப் பெயிண்டில் பலகை எழுதிக் கேட்டில் மாட்டினேன். போதாதென்று, அன்று காலை அறுபது பேரும் ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில் என்று தயாராக நிற்கும்போது முன்னால் போய், "கேட்டை எப்படிப் பாத்தீங்களோ அப்படியே விடணும். உங்க புத்தியை அதுல காட்ட வேணாம்" என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். லிடியா, "அப்பா, போதும்பா" என்றாள். பின்வரிசைக்குக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

சொல்லிவிட்டு, அவர்களுக்கு முன்னால் பிக்கப் வண்டியில் ரொட்டியும் சலாமியும் ஏற்றிக்கொண்டு, சாப்பாட்டு மேஜை போட்டிருந்த இடத்துக்குப் போனேன். போகிற வழியில் கேட்டைத் திறந்தேன். சீஸை எடுக்க உடனே திரும்பி வரப்போகிறோம், எதற்கு மூடித் திறந்து மூடி என்று அப்படியே விட்டேன். அங்கே போனால் நெவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இந்த வருஷத் திராட்சையில் மழைத் தண்ணீர் ஜாஸ்தி என்கிறான். இதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனுஷன் சும்மா இருக்க முடியுமா? சீஸ் மறந்தே போயிற்று.

இனேஸ், அந்த அறுபது பேரும் தங்கமானவர்கள். கேட்டுக்கு வந்திருக்கிறார்கள், பலகையைப் படித்திருக்கிறார்கள், கேட் திறந்திருக்கிறது, திறந்தபடியே விட்டிருக்கிறார்கள். ஒரு பல் டாக்டர் மட்டும், ஆடு நிற்கிறதே என்று கேட்டை மூடியிருக்கிறார். பின்னால் வந்த ஹார்யட் என்ற டீச்சரம்மா, "பெரியவர் அவ்வளவு சொன்னாரே, காதுல வாங்கினீங்களா இல்லையா?" என்று அவரைத் திட்டி, மறுபடி திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்கச் சங்கிலியால் வேலிக்கம்பத்தில் கட்டியும் வைத்துவிட்டார்.

குன்றின் உச்சியில் நின்று எல்லோரும் கீழே பார்த்தார்களாம். திராட்சை வரிசைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக ஆடுகள். என்ன அழகு என்று போட்டோ எடுத்தார்களாம். லிடியா எனக்குப் போன் பண்ணினாள். "அப்பா, கேட்டை எப்படி விட்டீங்க?" அவ்வளவுதான் கேட்டாள். திறந்தபடி விட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே இன்னும் பறிக்காத நெபியோலோ திராட்சை, இனேஸ், வருஷத்திலேயே கடைசியாகப் பழுக்கும் நம் உயிர்.

நானும் நெவிலும் வண்டியில் பறந்து போனால், எங்களுக்கு முன்னால் குன்றிலிருந்து அறுபது சைக்கிளும் இறங்கிவிட்டன. ஆடுகள் கத்தலுக்கு மசியவில்லை. ஆனால் இந்தச் சைக்கிள்களில் மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரம் கிர்ரென்று கத்துகிறது. அந்தச் சத்தம் ஆடுகளுக்கு ஆகவில்லை. ஒவ்வொரு வரிசையிலும் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க, மந்தை முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகக் கேட்டை நோக்கி நடந்தது. நெவில் தொப்பியைக் கழற்றிவிட்டான். "என் நாய்க்கு மாசக்கணக்கா சோறு போட்டது தண்டம்யா" என்றான்.

ஒரு வரிசைதான் போயிற்று. ஆனால் லிடியாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஹார்யட் டீச்சர் அழுகையோடு வந்து, "நான்தான் கட்டி வச்சேன், மன்னிச்சிருங்க" என்றார். அத்தனை பேரும் பல் டாக்டரைப் பார்த்தார்கள், பல் டாக்டர் ஆகாயத்தைப் பார்த்தார். நான் தொண்டையைக் கனைத்து, "அம்மா, நீங்க சொன்னபடி கேட்டீங்க. சொன்ன நான்தான் கேக்கலை" என்றேன். பிறகு லிடியா சிரித்தாள். மண்ணில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா போனதிலிருந்து நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை.

சாப்பாடு சீஸ் இல்லாமல் நடந்தது. கிளம்பும்போது பல் டாக்டர் லிடியாவிடம், "அடுத்த தடவையும் ஆடு உண்டா?" என்று கேட்டார். அவர் கேலி பண்ணுகிறாரா என்று நான் முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனுஷன் ஆசையாகத்தான் கேட்டார்.

ஆனாலும் ஒருநாள் கூத்தை நம்பி ஒரு பெண் வாழ்க்கையை வைக்க முடியுமா? எனக்காகத்தான் இந்தப் பாடு படுகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் தயவுசெய்து அந்த வேலையை விட்டுவிடாதே. நாளைக்கே ஆல்டோவைப் பேசச் சொல். பெண் கெட்டிக்காரி, விடிவதற்குள் எழுந்துவிடுவாள், பெரியவர்களிடம் மரியாதை என்று சொல்லச் சொல்.

புனித அந்தோணியார் உன் குடும்பத்தையும் ஆல்டோவின் இரண்டு முழங்காலையும் காக்கட்டும். உங்கள் எல்லோருக்கும் என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சில்வானோ

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது லிடியா உள்ளே வந்தாள். நெவில் தன் ஆற்றோர நிலத்தையும் பாதையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டானாம். மெல்போர்ன் வீட்டைக் காலி பண்ணுவதாக இவளும் சொல்லிவிட்டாளாம். "எனக்காகவாம்மா?" என்று கேட்டேன். "உங்களுக்காகன்னா போன வருஷமே ஓடியிருப்பேன்பா. எனக்கு இந்த ரோடு பிடிச்சிருக்கு" என்றாள். ஆகவே இனேஸ், ஆல்டோ இன்னும் பேசவில்லையென்றால் வாயைத் திறக்க வேண்டாம். பேசிவிட்டிருந்தால், பெண் சோம்பேறி, மத்தியானம் வரை தூங்குவாள், பெரியவர்களை எதிர்த்துப் பேசுவாள் என்று சொல்லச் சொல். கடைசியாகச் சொன்னது உண்மைதான்.