ஒன்பது வருசக் கோவத்தைக் கெடுத்த ஆசிரியருக்கு

குருநகர்,
யாழ்ப்பாணம்.
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய 'கடல்நொச்சி' காலாண்டிதழின் ஆசிரியர் அவர்கட்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் தங்கள் ஆசிரியர் குழுவினரும் ஆண்டவரின் கிருபையால் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். நானும் என் மனைவி லூர்த்தம்மாவும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பதைக் கடிதத்தை முழுவதும் வாசித்தபின் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் வள்ளங்களின் இஞ்சின் திருத்திவிட்டு, ஓய்வுக்குப் பிறகு சிறுகதை எழுதப் புகுந்த ம. செபநாயகம் நான். தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், ஏனெனில் என் நான்கு கதைகளையும் திருப்பி அனுப்பியவர் தாங்களே. நான்காவது கதையோடு ஒரு கடிதமும் வைத்திருந்தீர்கள். எழுத்தாளன் வாழ்நாள் முழுவதும் மாணவன் என்றும், நான் தொடர்ந்து கற்று மனிதனாக வளர்ந்தால் என் கதையும் கூடவே வளரும் என்றும் எழுதியிருந்தீர்கள். அறுபத்தாறு வயதில், இரண்டு முழங்காலும் தேய்ந்து, வருடத்துக்கு வருடம் உயரம் குறைந்துகொண்டு போகிற ஒருவனைப் பார்த்து வளரச் சொன்ன தங்கள் நம்பிக்கை சாதாரணமானதல்ல. அந்தக் கடிதத்தில் இருந்த அறிவுரைகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தேன். பலன்களைத் தங்களுக்கு அறியத்தருவது என் கடமை.

மனிதர்களை உற்றுக் கவனித்து அவர்கள் பேச்சைக் குறித்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தீர்கள். சரியென்று ஒரு கொப்பியும் பேனையுமாக விடிய ஆறு மணிக்கே துறையில் போய் இருந்தேன். ஆர் எப்படி நடக்கிறான், ஆர் எப்படித் தூசணத்திலை திட்டுறான் எண்டு நாலு நாள் எழுதினன். ஐந்தாம் நாள் என்னைக் கண்டதும் சனம் வாயை மூடிக்கொண்டுது. தடைசெய்த வலை வைச்சிருக்கிற ஆக்களின்ரை பேர்களை நான் மீன்பிடித் திணைக்களத்துக்கு எழுதிக் குடுக்கிறன் எண்டு கதை பரவியிருக்கு. முப்பது வருசமா எனக்கு மீன் தாற ஒருத்தன், ரெண்டு பெரிய விளைமீனைப் பையிலை போட்டுக்கொண்டு வந்து, "அண்ணை, ஆரின்ரை பேரை எண்டாலும் எழுதுங்கோ, என்ரை பேரை மட்டும் வெட்டிவிடுங்கோ" எண்டு கெஞ்சினான். நான் மீனை வேண்டாமெண்டிட்டு, "மொக்கா, நீ மூக்குச் சீறுற விதத்தையெல்லோடா எழுதினனான்" எண்டு கொப்பியைக் காட்டினன். அவன் வாசிச்சிட்டு இன்னும் பயந்துபோனான். "அண்ணை, இதையுமோ திணைக்களம் கேக்குது?" இப்ப வள்ளத்தடியிலை என்னைக் கண்டால் எல்லாரும் கைலேஞ்சி எடுத்துப் பவ்வியமா மூக்குத் துடைக்கினம். ஊரிலை சுகாதாரம் வளர்ந்திருக்கு. கதை வளரேல்லை.

அடுத்தது, பயிற்சிப் பட்டறைகளுக்குப் போகச் சொன்னீர்கள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மண்டபத்திலை நாலு சனிக்கிழமை நடந்தது. படிப்பிச்ச தம்பி தேனுஜனுக்கு இருபத்தாறு வயது. அவருக்கு அரும்பின மீசையை விட எனக்குக் காதிலை மயிர் கூட. அவர் முதல் சொன்னது, உணர்ச்சியைச் சொல்லக்கூடாது, உடம்பாலை காட்டவேணும் எண்டது. நல்ல விசயம்தானே, வீட்டிலை பழகிப் பார்ப்பம் எண்டு பின்னேரம் தேத்தண்ணி வேணுமெண்டதை வாயாலை சொல்லாமல், ஒரு கையைத் தொங்கப்போட்டு, வாயைக் கொஞ்சம் கோணலாக்கி, குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன். லூர்த்தம்மா எட்டிப் பார்த்திட்டு மகளுக்கு ஃபோன் எடுத்தா, "பிள்ளை, அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது!" பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு பேர் என்னைத் தூக்கி ஓட்டோவிலை ஏத்திச்சினம். இடையிலை வாய் திறந்தால் இவ்வளவு சனத்துக்கும் முன்னாலை மரியாதை கெட்டுப்போகும் எண்டு நானும் பேசாமல் போனன். ஆஸ்பத்திரியிலை டொக்டர் பிள்ளை குனிஞ்சு, "ஐயா, என்ன செய்யுது?" எண்டு அன்பாக் கேட்டுது. "தேத்தண்ணி வேணும்" எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு மூண்டு நாள் வீட்டிலை எனக்குத் தேத்தண்ணியும் இல்லை, கதையும் இல்லை. லூர்த்தம்மா தன்ரை உணர்ச்சியை உடம்பாலை காட்டிக்கொண்டு திரிஞ்சா. பட்டறைக்குப் போகாமலே அவவுக்கு அது நல்லாக் கைவந்திருக்கு.

மூண்டாவது சனிக்கிழமைதான் உண்மையான நாசம் நடந்தது. ஒவ்வொரு மனுசனுக்கும் உள்ளுக்குள்ளை ஒரு காயம் இருக்கும், அதைத்தான் எழுதவேணும் எண்டார் தம்பி. எனக்குக் குடலிறக்கம் வெட்டினதுதான் இருக்கு எண்டு சொன்னன். எல்லாரும் சிரிச்சினம். ஆனால் பஸ்ஸிலை வரேக்குள்ளை றெஜினாவின்ரை ஞாபகம் வந்திட்டுது. றெஜினா என்ரை ஒரே தங்கச்சி. கொழும்புத்துறையிலை இருக்கிறா, சைக்கிள் மிதிச்சால் இருபது நிமிசம். ஒன்பது வருசமா நாங்கள் கதைக்கிறேல்லை. தாங்கள் ஓர் ஆசிரியர், எழுத்தின் பெறுமதி தெரிந்தவர், ஆகையால் காரணத்தைக் கேளுங்கள். அவவின்ரை மகளின்ரை கலியாண அழைப்பிதழிலை, தாய்மாமன் எண்ட இடத்திலை, என்ரை பேரிலை 'ய'வுக்கு மேலை ஒரு புள்ளி கூட விழுந்திட்டுது. செபநாய்கம்! நானூறு காட், நானூறு வீட்டுக்கும் போயிட்டுது. வேறை காட் அடிச்சுக் குடு எண்டன், ஒரு புள்ளிக்காக இனி அடிக்கேலாது எண்டா. நான் கலியாணத்துக்குப் போகேல்லை.

இதை அப்பிடியே பேரை மாத்திக் கதையா எழுதினன். அண்ணன் அந்தோனியார் மாதிரிப் பொறுமைசாலி, தங்கச்சி திமிர் பிடிச்சவள். லூர்த்தம்மாவிட்டை வாசிக்கக் குடுத்தன். அவ மூக்குக்கண்ணாடியைக் கழட்டிவைச்சிட்டு, "ஆர் உந்தத் தங்கமான அண்ணன்? இந்த வீட்டிலை நான் உவனைக் கண்டதில்லையே" எண்டா. பிறகு, "கலியாணத்துக்கு மறுநாள் மச்சாள் ஒரு பெட்டியோடை வாசல் படலையிலை வந்து நிண்டவ. நீங்கள் கிணத்துக்கட்டுக்குப் பின்னாலை குந்திக்கொண்டு, நான் இல்லையெண்டு சொல் எண்டனீங்கள். அது எங்கை கதையிலை?" எண்டு கேட்டா. அது கதைக்குத் தேவையில்லை எண்டன். "அதை விட்டிட்டு வேறை என்னத்தை எழுதினனீங்கள்?" எண்டிட்டுப் போயிட்டா. அதுக்குள்ளை கடைசிச் சனிக்கிழமை தேனுஜன் தம்பி, நீங்கள் வெறுக்கிற ஆளின்ரை பக்கத்திலை நிண்டு அதே கதையை எழுதிப் பாருங்கோ எண்டிட்டார். எழுத இருந்தன். தங்கச்சி படலைக்கு வந்தாள், அண்ணன் இல்லையெண்டு அண்ணன்ரை மனுசி சொன்னாள், தங்கச்சி திரும்பினாள். அதுக்கு மேலை பேனை நகரேல்லை. கையிலை இருந்த பெட்டியோடை அவள் எங்கை போனாள்? ஒரு கிழமை இதே யோசினை. கடைசியா, இலக்கியத்துக்காக மட்டும் எண்டு லூர்த்தம்மாவிட்டை ரெண்டுதரம் சொல்லிப்போட்டுச் சைக்கிளை எடுத்தன்.

றெஜினா வாசல்படியிலை இருந்து இறால் உரிச்சுக்கொண்டிருந்தா. தலைமயிர் முழுக்க நரைச்சிட்டுது, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. என்னைக் கண்டதும் எழும்பேல்லை.

"ஆர் செத்தது?" எண்டா.

"ஒருத்தரும் சாகேல்லை. ஒரு கேள்வி கேக்க வந்தனான்."

"ஒன்பது வருசத்துக்குப் பிறகு ஒரு கேள்வியோ?"

"கதைக்கு வேணும். அண்டைக்குப் படலையிலை இருந்து திரும்பினனீயெல்லே, அந்தப் பெட்டியை என்ன செய்தனீ?"

நான் கொப்பியை விரிச்சுப் பேனையைத் திறந்தன். அவ உரிச்ச இறாலைச் சட்டியிலை போட்டா. "கலியாணக் கேக்" எண்டா. "பாசையூர் தாண்டுமட்டும் நடந்து நடந்து ஒவ்வொரு துண்டாத் திண்டு முடிச்சனான். வீட்டை கொண்டுபோனால் என்ரை மனுசன் கேப்பார், உன்ரை அண்ணர் வாங்கேல்லையோ எண்டு. உங்களை அவர் ஒரு சொல்லுச் சொல்லிப்போடக்கூடாது எண்டுதான் திண்டனான், அண்ணை."

நான் எழுதுறதை நிப்பாட்டிட்டன். கண் கலங்கினதுக்கு வெங்காயத்தைச் சாட்டலாம், ஆனால் அங்கை இருந்தது இறால் மட்டும்தான். "ஏன் நிப்பாட்டினீங்கள், எழுதுங்கோவன்" எண்டா.

ஆசிரியர் அவர்களே, தாங்கள் செய்த அழிவை இப்போது பாருங்கள். ஒன்பது வருசமா ஊட்டி வளர்த்த அருமையான கோவம், ஒரு பின்னேரத்திலை போயிட்டுது. அண்டைக்கு இறால் குழம்போடை சோறும் திண்டன். இப்ப அவ காலமை எங்கடை வீட்டை வாறா, பின்னேரம் நான் அங்கை போறன். என்ரை கதையை எடுத்துச் சிவப்புப் பேனையாலை வெட்டுறா. அண்ணன் நல்லவன் எண்டு வந்த இடமெல்லாத்தையும் வெட்ட, ஒன்பது பக்கம் ரெண்டேகால் பக்கமாச் சுருங்கிப்போச்சு. முரண் இல்லாமல் கதை இல்லை எண்டு தேனுஜன் தம்பி சொல்லுறார். இருந்த ஒரு முரணையும் முடிச்சாச்சு, இனி நான் எதை வைச்சு எழுதுறது? மனிதனாக வளர்ந்தால் கதையும் வளருமென்ற தங்கள் வாக்கு முழுப்பொய் என்பதை இத்தால் அறியத்தருகிறேன். ஆகவே ஐந்தாவது கதை தங்களுக்கு வராது, ஆறாவதும் வராது. இன்றோடு எழுத்தை விட்டுவிட்டேன். இஞ்சினாவது நான் சொன்னபடி கேட்டுது.

தங்கள் ஊழியத்தையும் தங்கள் குழுவினரையும் அந்தோனியார் காத்தருள்வாராக. வீட்டில் எல்லோருக்கும் லூர்த்தம்மாவின் அன்பைச் சொல்லவும்.

இங்ஙனம்,
இனி எதையும் கற்க உத்தேசமில்லாத,
ம. செபநாயகம்.

பின்குறிப்பு: இதை எழுதுறது தங்கச்சி றெஜினா. தபாலிலை போடச் சொல்லி அண்ணை தந்தவர், ஒட்டாமல் தந்ததாலை வாசிச்சனான். எழுத்தை விட்டிட்டார் எண்டதை நம்பாதேங்கோ, இதை என்ரை கையிலை தந்த கையோடை புதுக் கொப்பி வாங்கப் போயிட்டார். மற்றது, அந்தப் பெட்டியிலை கேக் இருக்கேல்லை. என்ரை கலியாணத்துக்கு அவர் வாங்கித் தந்த சீலைதான் இருந்தது. அதை அவரின்ரை முகத்திலை எறிஞ்சிட்டு வாறதெண்டுதான் போனனான். நல்ல காலம், அவர் கிணத்துக்குப் பின்னாலை ஒளிச்சது. ஒன்பது வருசம் கழிச்சு வாசலிலை வந்து நிண்டு, கொப்பியை விரிக்கிற மனுசனுக்குச் சீலையெண்டு எப்பிடிச் சொல்லுறது? கேக் எண்டு வாயிலை வந்திட்டுது, மிச்சம் தானா வந்தது. அதாலை எனக்கும் கதை வரும் போலை கிடக்கு. சீலையின்ரை கதையை எட்டுப் பக்கத்திலை எழுதி இதோடை வைச்சிருக்கிறன். போடுறதெண்டால் வேறை பேரிலை போடுங்கோ. சரியில்லையெண்டால் தயவுசெய்து திருப்பி அனுப்பிப்போடாதேங்கோ. இந்தக் கடிதத்திலை இருக்கிறது அண்ணை வீட்டு விலாசம், வாற தபாலை அவர்தான் முதல் பிரிக்கிறவர்.