துவாதசி அண்டாவில் கொதித்த வைரஸ்

சாத்தமுது என்னும் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் வைரஸைக் கொண்டுவந்து உட்காரவைத்த மனிதர் காவிரியின் இரு கரையிலும் ஒருவர்தான்: எங்கள் பன்னி டாக்டர். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் எழுதிய டயரிகளை இன்னொரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. கால்நடை ஆஸ்பத்திரிப் பலகையில் எழுதியும் வைத்திருந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸில் அதை யாரும் சொன்னதில்லை. தொட்டியத்து வாழைக்காரர் வீட்டுப் பிள்ளை. மாடு, ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் கடமைக்கு வைத்தியம் பார்ப்பார். பன்றிக் காய்ச்சல் என்றால் மட்டும் கண் பளபளக்கும். கப்பலில் மாதக்கணக்கில் தாமதித்து வரும் சஞ்சிகைகளைத் தேடிப் படித்துவிட்டு, இலையில் சோறு விழுந்ததும் ஆரம்பிப்பார்.

"வைரஸுக்கு அடுப்பு கிடையாதுங்க சார். பாத்திரம் கிடையாது, சமையல்காரன் கிடையாது. கையில ஒரே ஒரு சீட்டு!"

"சீட்டுல என்ன எழுதியிருக்கும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். ரயில்வே குமாஸ்தா, சீட்டு என்றால் சபலம்.

"'என்னை மாதிரியே செய்'னு எழுதியிருக்கும்!"

சாம்பாரால் இலையில் ஒரு வட்டம் போட்டார். அது பன்றியின் செல். அப்பளத் துண்டு வைரஸ். "செல்லு வாசல்ல ஒரு கொக்கி இருக்குங்க. வைரஸோட சட்டையில அதுக்குப் பொருந்தற வளையம். மாட்டிக்கிச்சுன்னா, நமக்கு வந்த சாப்பாடுன்னு நினைச்சு செல்லே உள்ள இழுத்துக்கும். உள்ள போனதும் சட்டை கழண்டுடும். சீட்டு நேரா சமையல்கட்டுக்குப் போயிடும்!"

பரிமாறிக்கொண்டிருந்த சுவாமிக்கு, மெஸ்ஸை நடத்தியவர் அவர்தான், பொறுக்கவில்லை. "ஓய் டாக்டரே, என் பரிசாரகன் கண்டவன் சீட்டையெல்லாம் வாங்கமாட்டான்."

"வாங்குவான் சாமி! நீங்க குடுத்த சீட்டுன்னே நினைப்பான். உங்க அரிசி, உங்க பருப்பு, உங்க விறகு. ஆனா வேகறது பூரா வைரஸு!"

பக்கத்து இலைக்காரர் மோருக்குக் காத்திராமல் எழுந்துவிட்டார்.

"வெளிய போறப்பவும் சும்மா போகாதுங்க. வீட்டுக்காரர் வேட்டியிலயே ஒரு துண்டைக் கிழிச்சுச் சுத்திக்கிட்டுப் போகும்!" சுவாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இத்தனைக்கும் இந்த வைரஸ் செல்லைக் கொல்லாது. அது பாட்டுக்குச் சமைக்கும், இது பாட்டுக்கு நூறு நூறா வந்துக்கிட்டே இருக்கும்!"

இதில் எவ்வளவு ஆராய்ச்சி, எவ்வளவு டாக்டரின் ஊகம் என்று வெகுநாள் கழித்துப் புத்தகங்களோடு ஒத்துப் பார்த்தேன். வேட்டி உட்பட எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அந்த மார்கழியில் வைரஸ் இலையை விட்டு இறங்கி நிஜமாகவே வந்துவிட்டது. மெஸ்ஸின் மிச்சச் சோற்றைத் தினமும் தள்ளுவண்டியில் வாங்கிப்போகும் சவரியம்மாவுக்கு, பாலத்துக்கு அந்தப் பக்கம், ஓடத்துறையில் பன்னிரண்டு பன்றிகள். ஒருநாள் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"அஞ்சு போயிருச்சுங்க டாக்டரய்யா. மூணு சுருண்டு கிடக்கு. ராணி சினையா இருக்குங்க. அது போச்சுன்னா நான் எதை வச்சுப் பொழைக்கிறது?"

சுவாமி முகம் வெளுத்தது. "என் தளிகைச் சாதத்தைத் தின்னா செத்தது?"

டாக்டர் இலையைவிட்டு எழுந்து ஓடினார். கை கழுவவில்லை என்பது என் டயரிக் குறிப்பு. திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்: "உங்க சோறு இல்லீங்க சாமி. மிலிட்டரி ஹோட்டல் மிச்சமும் எடுத்துப் போடுது அந்தம்மா. அதுல வேகாத பன்னிக்கறித் துண்டு. வைரஸ் அதுல ஏறி வந்திருக்கு!" காய்ச்சல் கண்டவற்றைப் பிரித்துக் கட்டச் சொல்லிவிட்டார். இனி மிச்சம் எதுவானாலும் ஒரு மணி நேரம் கொதித்த பிறகே தொட்டிக்குப் போக வேண்டும். சவரியம்மாவிடம் இருந்ததோ ஒரு பானை. கொதித்தது கொஞ்சம், பசித்தது நிறைய.

அதற்குள் வைகுண்ட ஏகாதசி வந்தது. மெஸ்ஸில் உபவாசம். அடுப்பு இல்லை, மிச்சமும் இல்லை. ஓடத்துறைக்கு அன்று முழுக்க முழுக்க மிலிட்டரி ஹோட்டல் மிச்சம்தான். சுவாமி குடும்பத்தோடு பரமபதவாசலுக்குப் போயிருந்தார். கொல்லையில் மறுநாள் துவாதசித் தளிகைக்காகத் தேய்த்துக் கவிழ்த்த பித்தளை அண்டா, சூரியன் மாதிரி மின்னியது.

"இன்னிக்கு இதுக்கு லீவுதானே சார்? ஒரு பக்கம் பிடிங்க," என்றார் டாக்டர். பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று டயரியில் இல்லை.

ஓடத்துறையில் இறக்கிவிட்டு நான் மட்டும் மெஸ்ஸுக்குத் திரும்பியிருந்தேன். மத்தியானம் சுவாமியின் குரல் கொல்லையிலிருந்து வந்தது. "எங்கே போச்சு ஓய் என் அண்டா?"

சொல்லிவிட்டேன். வாயில் ஒரு சொட்டு ஜலம் இல்லாமல் அவர் பாலத்தைக் கடந்த வேகத்தில் எனக்கு மூச்சு வாங்கியது.

ஓடத்துறையில் டாக்டர் பேண்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, பரிசல் துடுப்பால் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சவரியம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"டாக்டரய்யாவைத் திட்டாதீங்க சாமி. எனக்காகத்தான் தூக்கியாந்தாரு. ராணி மட்டும் பொழைச்சாப் போதும்."

சுவாமி ராணியைப் பார்த்தார். தூக்க முடியாத வயிற்றோடு அது அவரைப் பார்த்தது. பிறகு அண்டாவைப் பார்த்தார். மூக்கு விடைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடி பிடிக்கறது ஓய்! வாசனை தெரியலையா உமக்கு? விறகை இழும்! ஓரத்திலேர்ந்து கிளறும்! எத்தனை நாழி கொதிக்கணும்?"

"ஒரு மணி நேரம் சாமி."

"அப்போ இந்த ஜலம் எப்படிப் போதும்? இன்னும் ரெண்டு குடம் விடச் சொல்லும்!"

மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த ஒரு மணி நேரமும் நின்று மேற்பார்வை பார்த்தார். முடிந்ததும் டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சோடா போட்டுத் தேய்ச்சு சாயங்காலமே கொண்டாந்துடறேன் சாமி. இவ்வளவு கொதிச்சப்புறம் ஒரு வைரஸ்கூட மிஞ்சாது."

"வைரஸ் போயிடும் ஓய். பன்னி போகுமோ? இங்கேயே கிடக்கட்டும்." நேரே காவிரியில் இறங்கி முழுகிவிட்டு, ஈர வேஷ்டியோடு திரும்பி நடந்தார். துவாதசித் தளிகை எதிர்வீட்டு அண்டாவில் நடந்தது.

சுருண்டு கிடந்த மூன்றும் போய்விட்டன. மற்ற நான்கும் நின்றன. தை மாதம் ராணி ஒன்பது குட்டி போட்டது. சவரியம்மா ஒரு தார் பூவன் பழத்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். சுவாமி வாங்கிக்கொண்டு, "ஒன்பதும் பால் குடிக்கறதோ?" என்று கேட்டார்.

அடுத்த ஆடியில் டாக்டருக்கு வடக்கே எங்கேயோ மாற்றலாகிவிட்டது. மெஸ்ஸில் சாப்பாடு நிம்மதியாக நடந்தது. யாரும் மோருக்கு முன்னால் எழுந்து ஓடவில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, இது ஒன்றை மட்டும் நான் குறித்து வைக்கவில்லை, சுவாமி எனக்குச் சாத்தமுது விட்டுவிட்டு நகராமல் நின்றார்.

"ஏங்காணும், அந்தச் சீட்டு உள்ளே போனப்புறம் என்ன ஆகும்னு சொல்லுவர் அவர்?"

இலையில் சாம்பாரால் ஒரு வட்டம் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் சொல்வது போல வரவில்லை.